அவன் படிக்காததால் தோற்கவில்லை

செமஸ்டர் ரிசல்ட் வந்த மறுநாள் எந்தப் பொறியியல் கல்லூரியின் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தாலும் ஒரே தீர்ப்புதான் காதில் விழும்: "பசங்களுக்கு இன்ட்ரெஸ்ட்டே இல்லை சார்." முதலாமாண்டுக் கணிதத்தில் ஏன் இத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று சேர்மன் பிரின்சிபலைக் கேட்டிருப்பார், பிரின்சிபல் எச்ஓடியைக் கேட்டிருப்பார், எச்ஓடி எங்களைக் கேட்பார். கீழே இறங்க இறங்கக் கேள்வியின் சூடு ஏறும். கடைசியில் அதை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே, அந்த இடத்தில் அரியர் வைத்த பையன் நிற்கிறான். ஆர்வம் கிடையாது, அக்கறை கிடையாது, செல்போனைக் கீழே வைப்பதில்லை, அப்பா அம்மா படும் பாடு தெரியவில்லை. அத்துடன் வழக்கு முடிந்தது.

இந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு இரண்டு கட்சிகள் மோதுகின்றன. ஒன்று கண்டிப்புக் கட்சி. பயம் விட்டுப்போச்சு, இன்டர்னலில் கை வை, அட்டெண்டன்ஸைக் காட்டி மிரட்டு, அப்பாவைக் கூட்டிவரச் சொல் என்பது அதன் கொள்கை. இன்னொன்று கருணைக் கட்சி. பாவம், தன்னம்பிக்கை இல்லை, மோட்டிவேட் பண்ணணும், நல்ல பேச்சாளராகப் பார்த்துக் கூப்பிடணும் என்பது இதன் கொள்கை. முதல் கட்சியின் பார்வையில் இரண்டாவது கட்சி செல்லம் கொடுத்துக் கெடுக்கிறது; இரண்டாவதன் பார்வையில் முதலாவது ஈவிரக்கம் அற்றது. சத்தம் அதிகமாக இருப்பதால் ஒன்று கவனத்துக்கு வருவதில்லை. பையனுக்குள்ளே ஊக்கம் என்று ஏதோ வற்றிவிட்டது, அதைப் பயத்தாலோ பேச்சாலோ நிரப்பிவிட்டால் மார்க் தானாக வந்துவிடும் என்பதில் இரண்டு கட்சிக்கும் துளிகூடக் கருத்து வேற்றுமை கிடையாது. நான் மறுப்பது அதைத்தான். தோற்கும் விளிம்பில் நிற்கும் மாணவனிடம் ஊக்கம் குறைந்திருப்பது உண்மை. அது தோல்விக்குப் பின்னால் வந்தது. முன்னால் வந்தது வேறு.

ஒரு விடைத்தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். முதல் யூனிட், மேட்ரிக்ஸ். ஐகன் வேல்யூவும் ஐகன் வெக்டாரும் கண்டுபிடிக்கச் சொல்லும் பெரிய கேள்வி. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதற்கு ஒரு வழி மனப்பாடம். எஸ்1, எஸ்2, எஸ்3 என்று மூன்று எண்களைக் கண்டுபிடித்து, லாம்டா கியூபில் தொடங்கும் ஒரு சமன்பாட்டில் போட வேண்டும். எஸ்1 என்பது மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதல். பையன் 7 என்று எழுதியிருக்கிறான், சரி. எஸ்2-வுக்கு மூன்று சின்ன டிடர்மினன்ட் போட்டுக் கூட்டியிருக்கிறான், 14, அதுவும் சரி. எஸ்3-க்கு முழு டிடர்மினன்ட், 8, சரி. லாம்டா கியூப் மைனஸ் 7 லாம்டா ஸ்கொயர் பிளஸ் 14 லாம்டா மைனஸ் 8 சமம் பூஜ்யம் என்று அழகாக எழுதி, கீழே ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டிருக்கிறான். அடுத்த வரியில் லாம்டா சமம் 1. போட்டுப் பார்த்தால் பூஜ்யம் வருகிறது, அதுவும் சரிதான். அதற்கப்புறம் ஒரு எல் வடிவக் கோடு, உள்ளே 1, மைனஸ் 7, 14 என்று தொடங்கி, எதை எங்கே பெருக்கிக் கூட்டுவது என்று குழம்பி, குறுக்கே அடித்துவிட்டிருக்கிறான். மறுபடி முயற்சி, மறுபடி அடித்தல். பக்கத்தின் மிச்சம் வெள்ளையாகக் கிடக்கிறது.

திருத்துபவர் 4 மார்க் போடுவார். அது நியாயமான மார்க்தான். ஆனால் இந்தப் பையன் படிக்காதவனா? பல்கலைக்கழக சிலபஸ் எதைக் கற்றுத்தரச் சொன்னதோ அது முழுவதும் அவனிடம் இருக்கிறது. அவனைக் கவிழ்த்தது பள்ளிக்கூடத்தில் பாலினோமியல் பாடத்தில் வந்துபோன தொகுமுறை வகுத்தல். அது தெரிந்திருந்தால் லாம்டா ஸ்கொயர் மைனஸ் 6 லாம்டா பிளஸ் 8 வந்திருக்கும், 2, 4 என்ற மற்ற இரண்டு விடைகளும் வந்திருக்கும், வெக்டாருக்குள் நுழைந்திருப்பான். இன்டக்ரேஷனிலும் இதே கதைதான். இன்டக்ரேஷன் தெரியாமல் விட்டவர்களைவிட, பின்னங்களைக் கூட்டுவதில் வழுக்கி விழுந்தவர்கள் அதிகம் என்பது தாள் திருத்திய எந்தக் கணித ஆசிரியருக்கும் தெரியும். இருந்தும் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தவுடன் அது மறந்துபோய், இன்ட்ரெஸ்ட் இல்லை என்பது வாயில் வந்துவிடுகிறது.

இரவு பன்னிரண்டு வரை உட்கார்ந்து எஸ்1, எஸ்2, எஸ்3 படித்தவனுக்கும் ஃபெயில், உட்காராமல் படம் பார்த்தவனுக்கும் ஃபெயில் என்றால், அடுத்த முறை உட்காராமல் இருப்பதைச் சோம்பல் என்று எப்படிச் சொல்வது? அவன் போட்ட கணக்குகளிலேயே சரியாக வந்த கணக்கு அதுதான். அதற்கப்புறம் கடைசி பெஞ்சு, செல்போன், "அரியர் வைக்காதவன் அரை மனிதன்" என்கிற கேலி எல்லாம் வரிசையாக வரும். அந்தக் கேலியைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளும் சக ஆசிரியர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். ரிசல்ட் பார்க்கும்போது அந்தப் பையன் போனை யாருக்கும் தெரியாமல் திருப்பி வைத்துக்கொள்வதை அவர்கள் கவனித்ததில்லை போலிருக்கிறது.

தகுதி வாதம் இங்கேதான் தலைகாட்டும். நுழைவுத் தேர்வை எடுத்ததால்தான் இந்தக் கதி என்பார்கள். 2006-ல் சட்டம் போட்டுத் தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை நீக்கினார்கள். 2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. அதிலிருந்து ஃபெயிலாகிறவன் யாராக இருந்தாலும் அவன் "அந்த வழியில்" வந்தவன் என்று கிசுகிசுப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் முதலாண்டுக் கணிதத்தில் விழுந்தவர்கள் பெரிய தொகை வாங்கும் தனியார் பள்ளிகளிலிருந்தும் வந்தார்கள், நல்ல கட்-ஆஃபோடு வந்தார்கள். காரணம் ஊரறிந்த ரகசியம். ஏகப்பட்ட பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே உருப்போட வைத்தன. லிமிட், டிஃபரன்சியேஷன், இன்டக்ரேஷனின் தொடக்கம், மேட்ரிக்ஸ் எல்லாம் இருப்பது பதினொன்றில். 200-க்கு 180 கட்-ஆஃப் வைத்திருக்கும் பையனுக்குக்கூட லிமிட் என்றால் என்ன என்று தெரியாது. கட்டிடத்தை எழுப்பியவர்கள் கீழ்த்தளத்தைக் கட்டவில்லை, மாடியில் குடிவந்தவனைப் பார்த்து ஏன் தள்ளாடுகிறாய் என்று கேட்கிறோம்.

2017-18-ல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வந்தபிறகு பள்ளிகள் வேறு வழியில்லாமல் அந்தப் புத்தகத்தைத் திறந்தன. கண்டிப்புக் கட்சியினர் இதைத் தங்களுக்குச் சாதகமாகச் சொல்லக்கூடும்: பார்த்தீர்களா, பரீட்சை பயம் வேலை செய்கிறது! செய்தது, மறுக்கவில்லை. யாரிடம் வேலை செய்தது என்பதுதான் கேள்வி. பயந்தது பள்ளி நிர்வாகம். அதுவரை பாடத்தையே நடத்தாமல் இருந்தவர்கள் பயந்து நடத்தினார்கள். பிள்ளைக்கு அதனால் பாடம் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தப் பொதுத் தேர்வு நீக்கப்பட்டிருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளை அடுத்தடுத்து மூன்று பொதுத் தேர்வு எழுத வேண்டியதில்லை என்பதில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் பள்ளிகள் அந்தப் புத்தகத்தை மறுபடி மூடிவைத்தால், இன்னும் இரண்டே வருஷத்தில் எங்கள் ஸ்டாஃப் ரூமில் இன்ட்ரெஸ்ட் இல்லாத பையன்களின் எண்ணிக்கை திடீரென்று கூடும். ஒரு தலைமுறைக்கே ஒரே வருஷத்தில் எப்படி ஆர்வம் வற்றியது என்று அப்போதும் யாரும் கேட்க மாட்டார்கள்.

சரி, பயத்துக்கு வருவோம். பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் எழுத்துத் தாள்களுக்கு 40 மார்க் இன்டர்னல் ஆனது. முன்பு 20-ஆக இருந்தது. கல்லூரியின் கையிலிருக்கும் தடி இரட்டிப்பாகிவிட்டது என்றுதான் பல இடங்களில் இதைப் புரிந்துகொண்டார்கள். தடிக்கு அடுத்த ஆயுதம், அப்பா. கொத்தனார் வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்து, டிபார்ட்மென்ட் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார். உட்காரச் சொன்னால் நாற்காலியின் நுனியில் உட்காருவார். மார்க் லிஸ்ட்டை எடுத்துக் காட்டி, உங்க பையன் இப்படி இருக்கான், அப்படி இருக்கான் என்று சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். முடிவில், "நாங்க படிக்காதவங்க சார். நீங்களே நாலு அடி போட்டுக்கூடச் சொல்லிக்குடுங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன்" என்பார். பையன் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அந்த வாக்கியத்தில் அடி என்ற சொல் மட்டும்தான் நமக்குக் கேட்கிறது. சொல்லிக்குடுங்க என்று அவர் கேட்டதற்கு, இனிமேல் இப்படி நடக்காது என்று எழுதிய கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவைக்கிறோம். தொகுமுறை வகுத்தல் அப்படியே இருக்கிறது.

கண்டிப்புக் கட்சியின் கைவசம் ஒரு பெரிய சாட்சி உண்டு: அப்துல் கலாம். சென்னை எம்ஐடியில் படித்தபோது நடந்ததை அவர் 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொல்லியிருக்கிறார். விமான வடிவமைப்புத் திட்டம் ஒன்றில் அவர் வேலை மந்தமாக இருப்பதைப் பார்த்த பேராசிரியர் சீனிவாசன், மூன்று நாளில் முடிக்காவிட்டால் ஸ்காலர்ஷிப்பை நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவிட்டார். கலாம் தூக்கத்தை விட்டு உழைத்து முடித்தார். கல்லூரி மேடைகளில் இந்தக் கதை பாதிதான் சொல்லப்படுகிறது. மிரட்டப்பட்டவருக்கு அந்த வேலை செய்யத் தெரியும். செய்யத் தெரிந்தவனுக்குக் கெடு வைத்தால் வேகம் வரும். செய்யத் தெரியாதவனுக்குக் கெடு வைத்தால் நடுக்கம் வரும். சீனிவாசன் வேலையைப் பார்த்து அந்த வேலையின் மேல் அதிருப்தி சொன்னார். கெடு முடிவதற்கு முன்பே மாணவன் வேலை செய்துகொண்டிருந்த இடத்துக்கே நேரில் வந்து, எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பார்த்துத் தட்டிக்கொடுத்தார். கலாம் கதையை மேற்கோள் காட்டும் எத்தனை பேர், மூன்றாம் நாள் பையனின் மேசைக்குப் போயிருக்கிறோம்?

கருணைக் கட்சியின் ஆயுதம் மோட்டிவேஷனல் ஸ்பீக்கர். ஆடிட்டோரியத்தில் ஏசி போட்டு, எடிசனில் தொடங்கி, கழுகில் நடுவாக, அம்மாவில் முடிப்பார்கள். அம்மா வந்தவுடன் பிள்ளைகள் அழுவார்கள். அழுகை போலியில்லை என்பதுதான் வேதனை. அன்று சாயங்காலம் ஹாஸ்டலில் அந்தப் பையன் புத்தகத்தைத் திறப்பான், நிச்சயமாகத் திறப்பான். திறந்தால் அதே லாம்டா கியூப். எங்கே நின்றானோ அங்கேயே நிற்பான். இப்போது கூடுதலாக ஒரு குற்ற உணர்ச்சியும் சேரும்: இவ்வளவு சொல்லியும் நமக்கு வரவில்லையே, அப்படியானால் கோளாறு நம்மிடம்தான். பேச்சு கேட்டும் திருந்தாதவன் என்று கல்லூரிக்கும் ஒரு புதுச் சாட்சியம் கிடைக்கும்.

மாணவனின் ஊக்கக் குறைவு என்ற விளக்கத்தை ஒருவர் முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார். 1970-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆராய்ச்சி மாணவர், முதலாண்டுக் கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் ஏன் இவ்வளவு பேர் தோற்கிறார்கள் என்று அங்குள்ள ஆசிரியர்களிடம் விசாரித்தார். வந்த பதில்கள் நம் ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொடுத்து அனுப்பியவை போலவே இருந்தன: ஊக்கம் இல்லை, அடிப்படை போதாது, வீட்டில் ஆதரவு இல்லை, வறுமை. அவர் அதை நம்பிவிடாமல் 20 கறுப்பின மாணவர்களையும் நன்றாகச் செய்துகொண்டிருந்த 20 சீன வம்சாவளி மாணவர்களையும் மாதக்கணக்கில் பின்தொடர்ந்தார், நூலகத்துக்கும் விடுதி அறைக்கும்கூட. ஆசிரியர்கள் சொன்ன காரணங்கள் எதுவும் ஒத்துவரவில்லை. கறுப்பின மாணவர்கள் சொன்ன வேலையைச் சொன்ன நேரம் செய்தார்கள். பெற்றோர் அவர்களுக்காக உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வித்தியாசம் ஒன்றுதான் கண்ணில் பட்டது. கறுப்பின மாணவர்கள் தனித்தனியாகப் படித்தார்கள். மற்றவர்கள் தனியாகப் போட்ட கணக்கைச் சாயங்காலம் சேர்ந்து உட்கார்ந்து ஒப்பிட்டார்கள், யாருக்கு எந்த வரியில் தவறியது என்று அன்றே தெரிந்துகொண்டார்கள். தனியாகப் படித்தவனுக்குத் தன் தவறு தேர்வில்தான் தெரிந்தது.

ட்ரைஸ்மன் அடுத்துச் செய்ததுதான் நமக்கு முக்கியம். பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பு என்று ஒன்றை அவர் தொடங்கவில்லை. சிறந்து விளங்க விரும்புகிறவர்களுக்கான பயிலரங்கு என்று அழைத்து, வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாக உட்கார வைத்தார். அந்த மாணவர்களின் தோல்வி விழுந்தது. மற்ற மாணவர்களுக்கு ஈடாகவும் பல சமயம் அதற்கு மேலாகவும் மார்க் வாங்கினார்கள். யாரும் அவர்களுக்குக் கழுகுக் கதை சொல்லவில்லை. கணக்கு வர ஆரம்பித்தது, ஊக்கம் அதன் பின்னால் வந்தது.

நம்மிடம் இதற்கு நேர் எதிரான ஓர் ஏற்பாடு இருக்கிறது. தரமதிப்பீட்டு அமைப்பான நாக், மாணவர்களின் கற்றல் நிலையை மதிப்பிட்டு முன்னேறியவர்களுக்கும் மெல்லக் கற்போருக்கும் சிறப்பு ஏற்பாடு செய்கிறீர்களா என்று கேட்டுவந்திருக்கிறது. கேள்வி நல்ல கேள்விதான். நாம் அதற்குக் கொடுக்கும் பதிலைப் பாருங்கள். முதல் இன்டர்னல் மார்க்கை வைத்து ஒரு கோடு கிழிப்போம். கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் 'ஸ்லோ லேர்னர்ஸ்'. பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும், அல்லது கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போடப்படும். நாலரை மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ். அதே ஆசிரியர், அதே நோட்ஸ், காலையில் ஒரு மணி நேரத்தில் நடத்தியதை இப்போது நாற்பது நிமிடத்தில் நடத்துவார், ஏனென்றால் அவருக்கும் பஸ் இருக்கிறது. கல்லூரி பஸ்ஸை விட்டுவிட்டால் கிராமத்துப் பையன் டவுன் பஸ் பிடித்து வீடு சேர இரவாகும் என்பது யார் கணக்கிலும் வராது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, ஜியோ டேக் போட்ட ஒரு போட்டோ, ஃபைலில் வைத்தாயிற்று. அந்த வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்டால் பாடம் நடந்தது என்பார்கள். எவனுக்கு எது தெரியவில்லை என்று அந்த ஃபைலில் ஒரு வரி இருக்காது.

ஸ்பெஷல் கிளாஸின் உள்ளே நடக்கும் இன்னொரு காரியம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கோபம் வரவைப்பது: இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ். "கேலி ஹாமில்டன் கட்டாயம் வரும், அதை மட்டும் பார்த்துக்கோ. டபுள் இன்டக்ரல்ல ஆர்டர் மாத்தற கணக்கு ஒண்ணு. மத்ததை விட்டுடு, பாஸ் பண்ணிடலாம்." இதைச் சொல்பவர் பையனிடம் பாசமாகத்தான் சொல்கிறார். ஆனால் பையனுக்குக் கிடைக்கும் செய்தி வேறு: உன்னால் இதைப் புரிந்துகொள்ள முடியாது என்று எனக்குத் தெரியும், வா, குறுக்கு வழி காட்டுகிறேன். நன்றாகப் படிப்பவனிடம் நாம் இப்படிப் பேசுவதில்லை. மனப்பாடம் செய்த கேலி ஹாமில்டன் தேற்றமும் அதே லாம்டா கியூபில்தான் தொடங்குகிறது என்பதை விடுங்கள். அந்தத் தாளை எப்படியோ தாண்டினாலும் அதற்கு மேல் வரும் தாள்கள் எல்லாம் விட்டுவந்த பாதியின் மேல்தான் நிற்கின்றன.

2020-ல் கொரோனா காலத்தில், தேர்வுக் கட்டணம் கட்டிய அரியர் மாணவர்கள் பாஸ் என்று தமிழக அரசு அறிவித்தது. நன்றிச் சுவரொட்டிகள் முளைத்தன, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏஐசிடிஇ எதிர்த்தது, வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. என்னைப் போலப் பேசுகிறவர்களை மடக்க இன்றைக்கும் அதை எடுத்து நீட்டுவார்கள்: "உங்க பேச்சைக் கேட்டா எல்லாருக்கும் அப்படி ஆல் பாஸ் போடணும்." நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது. ஆல் பாஸ் போட்ட அரசாணையும் ஃபெயில் போட்ட ரிசல்ட்டும் ஒரு விஷயத்தில் ஒன்றுதான்: இரண்டுமே பையனுக்கு எந்த வரியில் தவறியது என்று சொல்வதில்லை. தேர்வு எழுதிய விடைத்தாளை அவன் மறுபடி பார்க்க வேண்டுமானால் பணம் கட்டி நகல் கேட்க வேண்டும். ரிசல்ட் வரும்போது அடுத்த செமஸ்டர் பாதி வழி போயிருக்கும். தன் தவறைப் பார்க்கவே முடியாத ஒருவனைத் தவறிலிருந்து பாடம் கற்றுக்கொள் என்று சொல்வதில் என்ன நேர்மை இருக்கிறது?

அப்படியானால் ஆசிரியர் என்னதான் செய்ய முடியும் என்று கேட்பார்கள். இரண்டாவது வாரமே கண்டுபிடிக்க முடியும், முதல் இன்டர்னல் வரை காத்திருக்கத் தேவையில்லை. பள்ளிக் கணக்குகள் பத்து, இருபது நிமிடம், மார்க் கிடையாது, பெயர் மட்டும் எழுதினால் போதும். மறுநாள் திருப்பித் தர வேண்டும், ஒரு வாரம் கழித்துத் தந்தால் அது குப்பை. அன்று இரவே தெரிந்துவிடும், வகுப்பில் பாதிப்பேரின் ஓட்டைகள் ஒரே நாலைந்து இடத்தில்தான் இருக்கின்றன என்று. அதற்கு நாலைந்து வகுப்பு நேரம் போதும், நாலரை மணிக்கு அல்ல, காலையில், எல்லோருக்கும் சேர்த்து. கட்-ஆஃப் 190 வைத்திருப்பவனுக்கும் அதில் பாதி தெரியாது என்பது தெரிந்தவுடன் கடைசி பெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவதைக் கண்ணால் பார்க்கலாம். பிறகு நாலு பேராக உட்காரவைத்து, சுலபமான கணக்கு இல்லை, நல்ல கணக்காகக் கொடுக்க வேண்டும். சுற்றி வரும்போது தப்பு என்று சொல்வதைவிட, "இந்த வரிக்கப்புறம் என்ன செய்யலாம்னு நெனச்ச, சொல்லு தம்பி" என்று கேட்பதுதான் பயன். ஒரு பையன் முதல் தடவை இதற்குப் பதில் சொல்ல மாட்டான். இதுவரை அவனிடம் யாரும் கேட்டதில்லை. காத்திருந்தால் சொல்வான், தமிழில் சொல்வான். கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருந்தாலும் யோசனை தமிழில் நடந்தால் தப்பில்லை.

கணக்கோடு தீராத விஷயமும் உண்டு. முகூர்த்த நாட்களில் சில பையன்கள் வகுப்புக்கு வர மாட்டார்கள். கேட்டால் காய்ச்சல் என்பார்கள். கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் வேலைக்குப் போயிருப்பார்கள். விடிய விடிய இலை போட்டுப் பரிமாறி, மறுநாள் முதல் பீரியடில் தூங்குவார்கள். பதிவேட்டில் அது அட்டெண்டன்ஸ் லேக், ஸ்டாஃப் ரூமில் அது அக்கறையின்மை. இப்படிப்பட்ட தடைகளை எடுத்துப் பார்த்தவர்கள் உண்டு: நியூயார்க்கின் சிட்டி பல்கலைக்கழகம் 2007-ல் ஏஎஸ்ஏபி என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதில் சேரும் மாணவர்களுக்குப் பயண அட்டையும் புத்தகச் செலவும் கொடுத்து, குறைந்த எண்ணிக்கையில் மாணவர்களை மட்டும் கவனிக்கும் ஓர் ஆலோசகரையும் வைத்தார்கள். பள்ளிப் பாடத்தையே மறுபடி படிக்க வேண்டிய நிலையில் சேர்ந்தவர்களில், குலுக்கல் முறையில் திட்டத்துக்குள் வந்தவர்கள் மூன்று வருஷத்தில் பட்டம் பெற்றது 40 சதவீதம், வராதவர்கள் 22. நம் அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் மாதம் 1,000 ரூபாய் தருவது ஏன் முக்கியம் என்பது இதை வைத்துப் பார்த்தால் புரியும். அந்தப் பணத்தை இலவசம் என்று எகத்தாளம் பேசும் அதே வாய்தான் பையன் காலேஜுக்கு ஒழுங்காக வருவதில்லை என்றும் சொல்கிறது. 1956-ல் காமராஜர் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தபோது குழந்தைகளுக்குப் புதிதாக ஆர்வம் எதையும் ஊட்டவில்லை. சோறு போட்டார். வந்தார்கள்.

"அறுபது பேர் இருக்கான், சிலபஸ் முடிக்கணும், இதுக்கெல்லாம் நேரம் ஏது?" இந்த ஆட்சேபத்தை மட்டும் நான் மதிக்கிறேன். ஏஐசிடிஇ விதி 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிகளின் கணக்கில் காட்டப்பட்டிருப்பதை 2024-ல் அறப்போர் இயக்கம் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பு வெளியே கொண்டுவந்தபோது, அந்த 20 எப்படி 60 ஆகிறது என்பது ஊருக்கே தெரிந்தது. இருக்கிற ஆசிரியர் மற்றவரின் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார், அட்மிஷன் சமயத்தில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளையும் பிடித்துவருகிறார். அவர் களைத்துப்போயிருப்பது நியாயம். ஆனால் அந்தக் களைப்புக்கான கணக்கை நிர்வாகத்திடம் கேட்க முடியாமல், பதினெட்டு வயதுப் பையன் தலையில் எழுதுவது நியாயமாகாது. ஆசிரியரின் நேரம் பற்றாக்குறை என்றால் நேரம் பற்றாக்குறை என்றே சொல்வோம். பையனுக்கு இன்ட்ரெஸ்ட் இல்லை என்று அதை மொழிபெயர்க்க வேண்டாம்.

பொறியியலே பிடிக்காமல் அப்பாவின் ஆசைக்காக வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதை மறைக்கவில்லை. வேறு படிப்புக்கு மாறிப் போகத் துணிந்தால் அவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். ஆனால் பிடிக்காதவன் யார், பிடித்தும் முடியாமல் நிற்கிறவன் யார் என்று பிரித்துச் சொல்லும் தகுதி நமக்கு எப்போது வரும்? லாம்டா சமம் 1-க்கு அடுத்த வரியை ஒரு தடவையாவது அவனுக்குக் காட்டிய பிறகுதான். அதற்கு முன்னால் இருவரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள், இருவரும் கொட்டாவி விடுவார்கள், இருவரும் ஜன்னல் வழியே பார்ப்பார்கள்.

அடுத்த செமஸ்டரில் மெல்லக் கற்போர் பட்டியலைக் கேட்டு மறுபடியும் சுற்றறிக்கை வரும். பதிவு எண், பெயர், மார்க் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். நாலாவதாக ஒரு கட்டம் போட்டு, எந்த வரியில் நின்றான் என்று எழுதித் தரலாமென்று இருக்கிறேன். படிவத்தில் அப்படி ஒரு கட்டம் கிடையாது என்று அலுவலகத்திலிருந்து திருப்பி அனுப்புவார்கள். அனுப்பட்டும், அது ஏன் கிடையாது என்று அப்போது எழுத்திலேயே கேட்கலாம்.